மூன்றாவது சட்டை

வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. இதற்கு மேலும் வெயில் வேண்டும் என்று ஒருத்தி கேட்டால் அவள் வாயிலேயே ரெண்டு போடலாம். ஆனாலும் நான் மொட்டைமாடிப் படிக்கூண்டு நிழலை விட்டு நகராமல், மடியில் நீலச் சட்டையை வைத்துக்கொண்டு எதிரே கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பதினொரு மணிக்கு மாடி ஏறினேன், மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தும் ஆயிற்று. கொடியில் என் புடவை ரெண்டு, உள்பாவாடை, துண்டு, தலையணை உறை. தெருப் பக்கத்திலிருந்து மூன்றாவது இடம் காலி. அந்த இடத்தில் ரெண்டு கிளிப் மட்டும் கயிற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. நாலு வருசமாக அந்த இடம் காலியாக இருந்ததில்லை, மழைக்கு எடுத்தால்தான் உண்டு. இன்று காலையில் வாளிக்குள் கையை விட்டு, அங்கே கிடக்கிற அவருடைய சந்தன நிறச் சட்டையைத் தூக்கினேன், கழுத்துப் பட்டை மட்டும் கையோடு வந்தது, சட்டை தண்ணீரிலேயே கிடந்தது. ஊசி நூலைத் தேடக்கூட எனக்குத் தோன்றவில்லை. துணி அப்பளமாகப் போயிருந்தது, தைத்தால் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழியும். அதற்குப் பிறகுதான் பீரோவைத் திறந்து இதை எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் இதுவும் இப்படி. அக்குள் பக்கம் கம்புக்கூட்டில் நாலு ஓட்டை, பொத்தான் பட்டியில் ஒன்று, முதுகில் அரிசி அரிசியாக, எண்ணவில்லை. உறைக்குள்ளிருந்து வெள்ளியாக மினுங்கிக்கொண்டு ஒரு ராமபாணப் பூச்சி ஓடியது. அதை அடித்தேன். அடித்துவிட்டு அந்தக் கையாலேயே சட்டையைத் தொட மனமில்லாமல் கை கழுவிவிட்டு வந்தேன். பூச்சி அரித்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அமாவாசைக்குள் பொத்தான்தான் மிஞ்சும். துவைத்தால் அவருடைய வாசம் போய்விடும். இது அவர் போட்டுக் கழற்றிய சட்டை. இதற்கு மேல் வேறு சட்டை இல்லை.

போடலாமா வேண்டாமா. இதையேதான் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். இந்தக் கூத்து தொடங்கியதே அந்த மீட்டர்க்காரனால்தான். அவர் கண்ணை மூடி முப்பது நாள்கூட ஆகவில்லை, மத்தியானம் கதவைத் தட்டினான், கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. மீட்டர் பார்க்க வேண்டும், சார் இல்லையா என்றான். வெளியே பெட்டி இருக்கு, பாத்துக்கிடும் என்றேன். உள் லைனையும் பார்க்க வேண்டும் என்றான். அடப் பாவி, முப்பத்திரண்டு வருசம் தெருத்தெருவாக மீட்டர் ரீடிங் எடுத்த மனுசனின் பெண்டாட்டியிடமா இந்தக் கதை. ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம், எங்கள் தெருவுக்கு அது முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது, எடுக்க வருகிறவன் வீட்டுக்குள் கால் வைக்கவே மாட்டான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நிற்கத்தான் முடிந்தது. மறுநாளும் வந்தான். மூன்றாவது தடவை ஜன்னல் வழியாக, அவுக உள்ள தூங்குதாக, எழுப்பினா கோவப்படுவாக என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன், அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும். அன்று ராஜபாளையத்தில் இருக்கிற என் தங்கச்சி மாரியம்மாளுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் சொன்னாள், "ஏன்க்கா அழுத. வாசல்ல அத்தான் செருப்பப் போடு. கொடியில சட்டைய காயப் போடு. ஆம்பள இருக்க வீடுன்னு நெனைச்சுக்கிடுவான். எங்க தெருவுல ரெண்டு வீட்டுல அப்படித்தான் ஓடுது." செருப்பை மூன்றாம் நாளே நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சட்டை நின்றது.

மூன்று சட்டைதான் என்னிடம் இருந்தது. பதினாறாம் நாள் கழிந்ததும் மச்சினர் வந்து பீரோவைத் திறந்து, பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் இதெல்லாம் எதுக்கு, யாருக்காவது உதவும் என்று மூட்டை கட்டினார். கல்யாணப் பட்டு வேட்டிகூடப் போனது. நான் அடுக்களைக்குள் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் இல்லாவிட்டால் என்னை நரி இழுத்துப் போயிருக்கும் என்பார் அவர், அந்த வாய் அன்றைக்கு எங்கே போனதோ. இஸ்திரிக்குப் போயிருந்த வெள்ளையும் சந்தனமும் அதனால் தப்பின. இந்த நீலம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதால் தப்பியது. வெள்ளைச் சட்டை ரெண்டு வருசம் உழைத்தது. ஒரே இடத்தில் கிளிப் மாட்டி மாட்டித் தோள்பட்டை கிழிந்து, ஒரு ஆடி மாசம் காற்றோடு போய்விட்டது, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது நைந்த சட்டை நிற்குமா. அப்புறம் சந்தனம். வியாழனும் ஞாயிறும் முக்கி எடுத்துப் போடுவேன், இடைப்பட்ட நாளெல்லாம் கிடந்தது கிடந்தபடி. அழுக்காகாத சட்டையை நனைத்து நனைத்துக் காயப் போட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் இருந்தபோது கலர் துணியைப் புறத்தைத் திருப்பித்தான் காயப் போட வேண்டும். "ஏட்டி செம்பகம், வெயிலு சாயத்தக் குடிச்சிரும், உள்பொறத்த வெளிய ஆக்கிப் போடு." சரி, உங்கள் சட்டை, உங்கள் சாயம். ஆனால் இப்போது அப்படிப் போட முடியுமா? தெருவில் போகிறவனுக்கு பாக்கெட் தெரிய வேண்டும், பொத்தான் தெரிய வேண்டும், ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். தெருவைப் பார்த்த முன்பக்கம் வெளுத்து வெளுத்துக் கடைசியில் சந்தனம் எங்கே என்று முதுகைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது. உங்களை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு நான் நிழலில் இருந்துகொண்டேன் என்று சில நாள் தோன்றும். தோன்றினால் எழுந்து ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பேன்.

இந்த நீலத்தை மட்டும் வெளியே காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் போட்டிருந்தது. முழுக்கைச் சட்டை, ஆனால் கையை இறக்கி விட்டு நான் பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூட முழங்கைக்குக் கீழே மூன்று மடிப்பு. மூன்றுக்கு மேல் போனால் ரவுடி, ரெண்டோடு நின்றால் மாப்பிள்ளை என்பார். கழற்றும்போது அந்த மடிப்பைப் பிரிக்க மாட்டார், பிரிக்காமல் ஆணியில் மாட்டுவார், துவைக்கிறவள் நான்தானே பிரிக்க வேண்டும். எத்தனை வருசம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். மடிப்புக்குள் மண் இருக்கும், ஒருதரம் பஸ் டிக்கெட் இருந்தது. இந்தச் சட்டையின் மடிப்பை நான் பிரிக்கவில்லை. அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பீரோவில் என் புடவைக்குக் கீழே வைத்தேன். என் புடவைக்கெல்லாம் வசம்பு இருக்கிறது, காய்ந்த வேப்பிலை இருக்கிறது, அந்துருண்டையைத் துணியில் முடிந்து மூலைக்கொன்றாகப் போட்டிருக்கிறேன், பீரோ விஷயத்தில் என்னை ஒருத்தி குறை சொல்ல முடியாது. இதற்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அந்துருண்டை வைத்தால் அந்துருண்டை வாசம்தானே வரும். வியர்வையோடு வைக்கிற துணியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவள், என் பீரோவில் அதற்கு நானே இலை போட்டு விருந்து வைத்திருக்கிறேன். முதலில் தினமும் திறந்து முகர்ந்து பார்த்தேன். அப்புறம் பயம் வந்தது, முகர முகரத் தீர்ந்துவிடுமோ என்று. வாரம் ஒருநாள் ஆக்கினேன். பிறகு அமாவாசைக்கு ஒருதரம். போன அமாவாசைக்கு வயிற்றுவலி, திறக்கவில்லை. திறந்திருந்தால் பூச்சியைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? இதே இடத்தில் இதே போல உட்கார்ந்திருப்பேன், ஓட்டை மட்டும் நாலு குறைவாக இருந்திருக்கும். இப்போது முகர்ந்தேன். இருக்கிற மாதிரி இருக்கிறது. மறுபடி முகர்ந்தால் இல்லை. கழுத்துப் பக்கம் இருக்கிறது. இல்லை, அது என் கையில் இருக்கிற சோப்பு.

கடையில் ஒரு சட்டை வாங்கித் தொங்கவிட்டால் தீர்ந்தது என்று அறிவுள்ளவர்கள் சொல்லலாம். அதற்கும் போனேன், போன பொங்கலுக்கு முன்னால், சந்தனத்தின் கழுத்து நைய ஆரம்பித்தபோது. கடைப் பையன் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டு, சாருக்கு என்ன வயசும்மா என்று கேட்டான். அறுபத்திரண்டு என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். போகும்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. நாலு வருசம் என்னோடு அவரும் நடந்து வந்திருக்கிறார், எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே வெளியே வந்துவிட்டேன். யாரும் போடாத, யாரும் போடப்போகாத புதுச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அதற்குக் கீழே எப்படிக் குடியிருக்க? யார் இது என்று எனக்கே பயமாக இருக்காதா? ஆனால் இப்போது கொடி காலி. எதிரே கட்டிட வேலை நடக்கிறது, சாரத்தில் நாலைந்து பேர், அதில் சிவப்புத் துண்டு கட்டியவன் ரெண்டு தரம் இந்தப் பக்கம் திரும்பினான். அவன் சிமெண்டைப் பார்க்கிறானோ சித்தாளைப் பார்க்கிறானோ, அவன் பாட்டுக்கு இருக்கிறான், எனக்கு என் கொடியைத்தான் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இன்றைக்குச் சட்டை இல்லை, நாளைக்கும் இல்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது கதவைத் தட்டுவான். தட்டாமலும் போகலாம். தட்டாமல் போனால் நாலாம் நாள். இப்படி ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு இருக்க என்னால் முடியாது, எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, இருக்கிற மாதிரி பேசத்தான் தெரியும்.

"செம்பகக்கா."

தூக்கிவாரிப் போட்டது. ஒட்டினாற்போல இருக்கிற பக்கத்து மாடியில், இடுப்பளவு கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பியூலா நிற்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், குடிவந்து ஏழு மாசம் ஆகிறது, ராத்திரி வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவள். இந்நேரம் தூங்க வேண்டியவள் கண்ணெல்லாம் சிவந்து, முடியைக்கூட அள்ளிச் செருகாமல் நின்றாள். சட்டையை மடியிலேயே சுருட்டி முந்தானையால் மூடினேன்.

"சட்ட எங்கக்கா?"

"எந்தச் சட்ட?"

"அண்ணாச்சி சட்டதான். மூணாவதா கெடக்குமே."

"அவுக சங்கரன்கோயிலுக்குப் போயிருக்காக. கையோட கொண்டு போயிட்டாக," என்றேன். பொய் தயாராகத்தான் இருந்தது, ஏழு மாசமாக இவளிடம் அவரை வேலைக்கு அனுப்பியிருக்கிறேன், காய்ச்சலில் படுக்க வைத்திருக்கிறேன், ஒருதரம் எனக்கும் அவருக்கும் சண்டை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அவள் கொடியில் காலியாக நின்ற ரெண்டு கிளிப்பையும் பார்த்தாள். அப்புறம், "இருக்கது ஒத்தச் சட்ட, அதையும் கொண்டு போயிட்டாகளா?" என்றாள். நான் முந்தானையை இன்னும் இழுத்து மூடினேன். "கோவப்படாதிய அக்கா. நா வந்து ஏழு மாசம் ஆச்சு. இந்தக் கொடியில ஒரு பனியன் காயல. ஒரு லுங்கி காயல. எந்த ஆம்பள வெறும் சட்டைய மட்டும் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள அலைவாரு?"

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை, முகம் என் பேச்சைக் கேட்காமல் கோணியது. பனியனை எல்லாம் தரை துடைத்தே தேய்த்துவிட்டேன். நாலு வருசம் சட்டைக்கு இவ்வளவு பாடுபட்டவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தோன்றவில்லை. தெருவே சிரித்திருக்குமோ. "எப்பருந்து தெரியும்?" என்றேன்.

"வந்த ரெண்டாவது வாரமே. நீங்க கழுத்துப் பட்டைய ஒருநாளும் தேய்ச்சதில்ல. சும்மா முக்கி எடுத்துப் பிழிஞ்சிய. ஆம்பளச் சட்டைக்கு அங்கதான அக்கா அழுக்கு?"

"பொறவு ஏன் கேக்கல? நா சொன்ன பொய்ய எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டிருந்தியே."

"எனக்கும் அந்தச் சட்ட வேண்டியிருந்திச்சு." அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காருன்னு சொன்னேன்லா. மஸ்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. திருப்பூர்ல இன்னொருத்தி கூட இருக்காரு. காலைல டூட்டி முடிஞ்சு வந்ததும் மொதல்ல இங்க ஏறி வந்து பாப்பேன். சட்ட கெடந்தா கதவத் தாழ்ப்பாப் போட்டுட்டுத் தூங்கிருவேன். கீழருந்து பாக்கவனுக்கு எது யாரு மாடின்னு தெரியவா போவுது. உள்ள ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் அது கெடந்தாத்தான் தூக்கம் வருது. இன்னைக்கு மூணு தடவ ஏறி வந்து பாத்துட்டேன், அக்கா. கண்ணு எரியுது, படுத்தா தூக்கம் வரல."

அவள் சொல்லி முடித்ததும் மடியில் இருந்ததை நான் வெளியே எடுத்தேன். எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுக்கவில்லை. "இது ஒண்ணுதான் இருக்கு. அவுக போட்டுக் கழத்துனது. தொவைக்கல. இதுல அவுக வாசம் இருக்கு," என்றேன், சொல்லிவிட்டு, "இருந்திச்சு. இப்ப இருக்கா இல்லியான்னு தெரியல. என் மூக்க நம்ப முடியல," என்றேன். அவள் சுவருக்கு மேலே கையை நீட்டினாள். கொடுத்தேன். நாலு வருசத்தில் அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, கழுத்துப் பக்கம், கம்புக்கூடு, மார்பு என்று நிதானமாக முகர்ந்தாள். பொய் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"இல்லக்கா," என்றாள். "பீரோ வாசந்தான் அடிக்கி."

அழுதேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொள்ளாமல், சாரத்தில் இருக்கிறவன் பார்த்தால் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன். பதினாறாம் நாள்கூட அப்படி அழவில்லை. அவர் எப்போதோ போய்விட்டார், நான்தான் அமாவாசைக்கு அமாவாசை ஒரு காலி உறையைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். பூச்சி என்ன செய்யும் பாவம், அதற்காவது ஏதோ கிடைத்தது.  பியூலா தன் வேலையில் இதெல்லாம் பார்த்துப் பழகியிருப்பாள். சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, மாடிக் குழாயைத் திறந்து வாளியை அதன் கீழே தள்ளினாள், அவ்வளவுதான்.

மடிப்பை நான்தான் பிரித்தேன். வலது கையில் ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்றாவதற்குள் இந்தச் சட்டை வாங்கினபோது இருந்த நீலம் அப்படியே இருந்தது, வெளியே இருந்ததெல்லாம் அதற்கு முன்னால் பழசாகத் தெரிந்தது. ஒரு சிட்டிகை மண் உதிர்ந்தது. எந்தத் தெரு மண்ணோ. தரையில் விழுந்ததை எடுக்க முடியவில்லை, காற்று கொண்டு போய்விட்டது. இடது கையையும் பிரித்து, தண்ணீரில் முக்கி, துவைகல்லில் போட்டுக் கழுத்துப் பட்டைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நாலு வருசத்துக்கு அப்புறம் ஒரு கழுத்துப் பட்டையைத் தேய்க்கிறேன். லேசாகக் கருப்பு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பியூலா தண்ணீரை ஊற்றும் வரைக்கும். பிழியாமல் உதறினேன், ஓட்டை வழியாகத் துளித்துளியாக வெயில் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் கிளிப்பைப் போட்டு முன்பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பினேன்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று பியூலா சுவரைத் தாண்டி அவள் வீட்டுக்குள் இறங்கி ஓடினாள். திரும்பி வரும்போது கையில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. "அந்த மகராசன் விட்டுட்டுப் போனது. கொளுத்திப் போடணும்னு வெச்சிருந்தேன்." அதையும் வாளியில் நனைத்துச் சட்டைக்குப் பக்கத்தில் போட்டாள். தள்ளி நின்று பார்த்தோம். "பொருத்தம் சரியில்ல, அக்கா. அண்ணாச்சி நெட்டை, எங்காளு கட்டை," என்றாள். "போவட்டும்ட்டி, தெருவுல நிக்கவன் அளவா எடுக்கப் போறான்," என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம், சிரித்து ஓய்ந்ததும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இங்கே கேட்டது.

நானும் இறங்கத்தான் வாளியை எடுத்தேன். காற்று ஒரு வீச்சு வீசியது, சட்டையின் கை ரெண்டும் நீளமாக எழும்பி விழுந்தன. யாரோ மாதிரி இருந்தது. கையை இறக்கி விட்ட ஒரு ஆளை எனக்குத் தெரியாது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஈரக் கையைப் பிடித்து ஒன்று, ரெண்டு, மூன்று என்று முழங்கை வரைக்கும் மடித்துவிட்டேன். மற்றதையும் மடித்து கைக்கொரு கிளிப் போட்டேன். இப்படி மடித்துப் போட்டால் உள்ளே காயாது, ஈரம் நிற்கும், இதைச் செய்யாதே என்று ஊருக்கே சொல்வேன் நான். காயாவிட்டால் நாளைக்கும் கிடக்கட்டும்.